ஒரே பாட்டு, இரண்டு பதிவு

‘தட்ல் பி தி டே’ பாட்டை அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலி இரண்டு முறை பதிவு செய்தார். முதல் முறை 1956 ஜூலையில், டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக நாஷ்வில் நகரில். இரண்டாவது முறை 1957 பிப்ரவரி 25 அன்று, நியூ மெக்சிகோ மாநிலத்தில் க்ளோவிஸ் என்ற சிற்றூரில். பாட்டு அதேதான், டிரம்ஸ் வாசித்த ஜெர்ரி ஆலிசனும் அவரேதான். முதல் பதிவை டெக்கா கிடப்பில் போட்டது, ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை. இரண்டாவது பதிவு அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது, பிரிட்டனிலும் முதலிடம். அடுத்தடுத்துக் கேட்டால் காரணம் பிடிபட்டுவிடும். நாஷ்வில்லில் சுருதி உயரத்தில் நிற்கிறது, குரல் அதை எட்டத் திணறுகிறது. க்ளோவிஸில் சுருதியை இறக்கியதும் தொண்டை இளகுகிறது. ஒரே அசையை இரண்டு மூன்றாக உடைத்து, விக்கல் போல வெட்டிப் பாடும் ஹாலியின் முத்திரை அங்கேதான் முழுசாக வந்து உட்காருகிறது. ஏழே மாத இடைவெளியில் ஒரு இருபது வயதுப் பையன் தன் தோல்வியை அலசி, திருத்தி, வென்றிருக்கிறான். இளம் வயதில் மறைந்த ராக் அண்ட் ரோல் கலைஞர்களைப் பற்றிப் பேசும்போது முதலில் பேச வேண்டியது இதைத்தான்.

ஆனால் பேசப்படுவது விபத்து. 1959 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டி அயோவா மாநிலத்தின் மேசன் சிட்டியிலிருந்து கிளம்பிய சிறு விமானம் சில நிமிடங்களில் வயலில் விழுந்தது. அதில் இருந்த நால்வரும் இறந்தார்கள். ஹாலிக்கு 22 வயது, உடன் சென்ற பாடகர் ரிச்சி வாலன்ஸுக்கு 17, ‘பிக் பாப்பர்’ ஜே.பி. ரிச்சர்ட்சனுக்கு 28, விமானி ராஜர் பீட்டர்சனுக்கு 21. கடுங்குளிரில், ஹீட்டர் வேலை செய்யாத பஸ்களில், நாளுக்கு ஒரு ஊர் என்று அலைக்கழித்த இசைப் பயணம் அது. டிரம்ஸ் கலைஞர் ஒருவர் கால் உறைந்து மருத்துவமனையில் கிடந்தார். 1971-இல் டான் மக்லீன் அந்த விபத்தை நினைத்து ‘அமெரிக்கன் பை’ பாடியதும் அந்த நாள் இசைக்கே இழவு நாளாகிவிட்டது. துக்கம் நியாயமானது. அந்தத் துக்கம் உழைப்பை மறைப்பதுதான் அநியாயம். அந்த விமானத்தில் யார் இருக்கையை யார் விட்டுக்கொடுத்தார், யார் காசு சுண்டித் தோற்றார் என்று தெரிந்தவர்களில் பலருக்கு ‘எவ்ரிடே’ பாட்டின் தாளம் எப்படி வந்தது என்று தெரியாது. ஆலிசன் டிரம்ஸைத் தொடவே இல்லை. தன் தொடையைக் கையால் தட்டினார். மேலே சிறு மணிகளைப் போல ஒலிக்கும் செலஸ்டா. அவ்வளவுதான் அந்தப் பாட்டு.

க்ளோவிஸில் இது சாத்தியமானதற்குக் காரணம் உண்டு. அங்கே ஸ்டூடியோ வைத்திருந்த நார்மன் பெட்டி மணிக்கணக்கில் வாடகை வாங்கவில்லை, பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினார். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம் என்றவுடன் பரிசோதனை தொடங்கியது. ‘பெகி சூ’ பாட்டில் ஆலிசன் விடாமல் உருட்டும் டிரம்ஸ் ஒலியைப் பெட்டி எதிரொலி அறைக்குள் விட்டும் வெட்டியும் அலையாக்கினார். ஹாலியின் வலக்கை அசுர வேகத்தில் ஓடியதால் தனி வாசிப்புக்கு கிட்டாரின் சுவிட்சை மாற்ற அவரால் முடியவில்லை. குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞர் நிக்கி சல்லிவன் பக்கத்தில் மண்டியிட்டு, சரியான கணத்தில் அதைத் தள்ளிவிட்டார். ‘வேர்ட்ஸ் ஆஃப் லவ்’ பாட்டில் ஹாலி தன் குரலின்மேல் தன் குரலையே ஏற்றி, தனக்குத் தானே துணை பாடினார். 1957-இல் இது அன்றாட நடைமுறை அல்ல.

மறுப்பு ஒன்று உண்டு, அதில் உண்மையும் இருக்கிறது. 1958 இறுதியில் ஹாலியின் மவுசு அமெரிக்காவில் இறங்கிக்கொண்டிருந்தது. ‘ஹார்ட்பீட்’ 82-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அவர் இறந்த பிறகுதான் ‘இட் டஸன்ட் மேட்டர் எனிமோர்’ பிரிட்டனில் முதலிடம் வந்தது. மரணம்தான் அவரைக் காப்பாற்றியது என்பார்கள். விற்பனைக்கு இந்த வாதம் பொருந்தும், தாக்கத்துக்குப் பொருந்தாது. 1958 கோடையில் லிவர்பூலில் ஜான் லெனான், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் இருந்த குவாரிமென் குழு தங்கள் முதல் பதிவுக்கு எடுத்துக்கொண்டது ‘தட்ல் பி தி டே’ பாட்டைத்தான். அப்போது ஹாலி உயிரோடு இருந்தார். தாங்களே எழுதி, தாங்களே வாசித்துப் பாடும் சிறு குழு என்ற வடிவத்தை அந்தப் பையன்கள் அவரிடமிருந்தே கற்றார்கள். அனுதாபத்துக்கு அங்கே வேலையே இல்லை.

எல்லாம் பெட்டியின் கைவண்ணம் என்பது இன்னொரு மறுப்பு. பெட்டியின் காது கூர்மையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 1958 இறுதியில் ஹாலி அவரைவிட்டுப் பிரிந்துவிட்டார். அதன்பின் நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் வீட்டில், ஒரு டேப் ரிகார்டர் முன் கிட்டாரோடு தனியே அமர்ந்து ‘லேர்னிங் த கேம்’, ‘க்ரையிங், வெயிட்டிங், ஹோப்பிங்’ போன்ற பாடல்களைப் பதிந்தார். தயாரிப்பாளர் இல்லை, எதிரொலி அறை இல்லை, குழுவும் இல்லை. மெட்டும் குரலும் தனியே நிற்கின்றன, ஒரு இடத்திலும் தள்ளாடவில்லை. அவர் இறந்த பிறகு இசைத்தட்டு நிறுவனம் அவற்றின்மேல் பின்னணிக் குரல்களையும் வாத்தியங்களையும் பூசி வெளியிட்டது. அந்தப் பூச்சு மூலத்துக்குச் செய்த கெடுதல் என்றே சொல்வேன்.

வாலன்ஸுக்கும் இதே அநீதி. 17 வயது என்பதைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மெக்சிகோவின் வெராக்ரூஸ் பகுதி நாட்டுப்பாடலான ‘லா பம்பா’வை மின்கிட்டாரில் ஏற்றி, ஒரு வார்த்தைகூட ஆங்கிலம் கலக்காமல் ஸ்பானிய மொழியிலேயே அமெரிக்க வானொலிக்குக் கொண்டுபோன துணிச்சலைச் சொல்வதில்லை. 1960 ஏப்ரலில் இங்கிலாந்தில் கார் விபத்தில் 21 வயதில் இறந்த எடி காக்ரன், ‘சம்மர்டைம் ப்ளூஸ்’ பாட்டில் கிட்டார்மேல் கிட்டாராகத் தானே அடுக்கி வாசித்தவர். அவரும் விபத்துக் குறிப்பாகச் சுருங்கிப்போனார்.

பிப்ரவரி 3 அன்று நினைவு நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விமானக் கதையை இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மீதி நேரத்துக்கு ஹாலியின் அந்த வீட்டுப் பதிவுகளைப் பூச்சு இல்லாமல் ஒலிபரப்புங்கள்.