நிறம் சற்றே மாறுபடலாம்

ஆன்லைனில் புடவை விற்கும் பக்கங்களைத் திறந்து பாருங்கள். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'படத்தில் காண்பதிலிருந்து நிறம் சற்றே மாறுபடலாம்.' சிகரெட் பெட்டியின் எச்சரிக்கை மாதிரிதான். யாரும் படிப்பதில்லை. பார்சலைப் பிரித்த பிறகுதான் அந்த 'சற்றே' எவ்வளவு பெரிய சொல் என்று புரிகிறது.

வளவனூர்ப் பக்கத்தில் சிறுவந்தாடு. காஞ்சிபுரம், ஆரணி அளவுக்குப் பெயர் பரவவில்லையே தவிர, பட்டு நெசவுக்கு அந்த வட்டாரத்தில் தெரிந்த ஊர். அங்கே தறி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், திரும்பி வந்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளிப்பச்சை உடல், அரக்கு பார்டர்.

"படத்துல வெளிறிப்போய் இருந்துச்சாம் சார். நேர்ல பளிச்சுன்னு இருக்காம். வேற புடவைய மாத்தி அனுப்பிட்டீங்கன்னு சண்டை."

சரக்கு நல்லது, படம்தான் மட்டம். இப்படியும் ஒரு நஷ்டமா என்று ஆச்சரியமாக இருந்தது.

படம் எடுத்தது அவருடைய தங்கை மகன். நல்ல கேமராதான். ஃபைலின் பெயரைப் பார்த்தேன். முதல் எழுத்துக்கு முன்னால் ஓர் அடிக்கோடு. அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது. கேமராவில் 'கலர் ஸ்பேஸ்' என்ற இடத்தில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்துவிட்டால், பெயருக்கு முன்னால் அடிக்கோடு போட வேண்டும் என்பது கேமராக்காரர்கள் வகுத்துக்கொண்ட மரபு. "அதுல கலர் அதிகம்னு சொன்னாங்க மாமா" என்றான் பையன்.

பி.காம். படித்த எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். டிஜிட்டல் படத்தில் நிறம் கிடையாது, எண்தான் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை. ஆனால் வெறும் 219 என்றால் என்ன? ரூபாயா, டாலரா? அதைச் சொல்வதுதான் கலர் ஸ்பேஸ். எஸ்ஆர்ஜிபி கணக்கில் 255 என்று எழுதும் சுத்தச் சிவப்பை அடோபி ஆர்ஜிபி 219 என்று எழுதும். அங்கே நாணய மதிப்பு அதிகம், அவ்வளவுதான். எஸ்ஆர்ஜிபியின் சுத்தப் பச்சையை எழுதும்போதோ 144 சிவப்பும் 60 நீலமும் சேர்த்து எழுதும்.

படத்தோடு 'இது டாலர்' என்ற சீட்டும் போனால் வம்பில்லை. வழியில், படத்தின் எடையைக் குறைக்கிறேன் என்று ஏதாவது ஒரு மென்பொருள் அந்தச் சீட்டைக் கிழித்துவிடும். சீட்டு இல்லாத படத்தை பிரவுசர்கள் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். டாலரை ரூபாயாக எண்ணினால் என்ன ஆகும்? அரக்கு மங்கும். கிளிப்பச்சை வெளிறும். சிறுவந்தாட்டுக்குப் புடவை திரும்பி வரும்.

இந்த இரண்டின் ஜாதகமும் சுவாரஸ்யமானது. எஸ்ஆர்ஜிபியை 1996-ல் ஹெச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்தன. அந்தக் காலத்து சாதாரண மானிட்டர் எதைக் காட்டுமோ அதுவே அளவுகோல். 1999-ல் சர்வதேசத் தரமானது. அடோபி ஆர்ஜிபி பிறந்ததோ ஒரு பிழையில். 1998-ல் போட்டோஷாப்பின் 5-ஆம் பதிப்புக்காக ஒரு டி.வி. தர ஆவணத்திலிருந்து எண்களைத் தவறாக எடுத்துப் போட்டுவிட்டார்கள். தவறு தெரிந்தபோது, அச்சு வேலை செய்கிறவர்களுக்கு அந்தத் தவறே பிடித்துப்போயிருந்தது. பெயரை மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

எனவே அடோபி ஆர்ஜிபியைத் திட்டவில்லை. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவிலுள்ள நிறங்களில் அது உண்மையிலேயே பெரிது. அச்சுக்கு உதவும். என் சண்டை, 'பெரிதென்றால் நல்லது' என்று பையன்களின் காதில் ஓதுகிறவர்களோடு. எட்டு பிட் ஜேபெக்கில் இரண்டிலும் இருப்பது அதே 1 கோடியே 67 லட்சம் எண்கள்தான். பாயை அகலமாக விரித்தால் கோரை கூடாது, இடைவெளிதான் கூடும்.

சரி, என்னதான் செய்வது? மூலப்படத்தை எதில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நெட்டில் ஏற்றும் பிரதியை மட்டும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, சீட்டோடு அனுப்புங்கள். மாற்றுவது வேறு, பெயர் எழுதுவது வேறு. டாலரைக் கொடுத்து அன்றைய விலைக்கு ரூபாய் வாங்குவது 'கன்வர்ட்'. 'டாலர்' என்பதை அடித்துவிட்டு 'ரூபாய்' என்று எழுதுவது 'அசைன்'. இரண்டாவதைச் செய்கிறவர்களை எங்கள் ஆடிட்டிங் வகுப்பில் வேறு பெயரால் அழைப்போம். 2016-க்குப் பிறகு வந்த ஐபோன்கள் பி3 என்ற இன்னொரு நாணயத்தில் படம் எடுக்கின்றன. அதற்கும் இதே விதிதான்.

இதையெல்லாம் செய்தாலும் நிறம் மாறும் என்பது உண்மை. வாங்குகிறவரின் செல்போன் திரை நம் கையில் இல்லை. மயில்கழுத்துப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பார்க்கும் கோணத்துக்கு ஒரு சாயல் காட்டும். எந்தக் கலர் ஸ்பேஸும் அதைப் பிடிக்காது. ஆனால் 'சற்றே மாறுபடலாம்' என்ற வரி இந்த உண்மையின் பின்னால், டியூப்லைட்டில் எடுத்த சோம்பலையும், சீட்டைத் தொலைத்த அலட்சியத்தையும் சேர்த்து ஒளித்துவைக்கிறது. திரையின் குறைக்கு மன்னிப்பு உண்டு. மற்ற இரண்டுக்கும் ஏன்? அந்த நஷ்டம் கடைசியில் போய் விழுவது தறியில் உட்கார்ந்திருப்பவர் தலையில்.

அந்த வரியை எடுத்துவிட்டு, 'பாவு பச்சை, ஊடை நீலம், பகல் வெளிச்சத்தில் எடுத்த படம்' என்று எழுதலாமே. வாங்குகிறவருக்கு அது தகவல். மற்றது வெறும் முன்ஜாமீன்.

கிளம்பும்போது பையன் கேமராவில் செட்டிங்கை மாற்றிவிட்டு, புடவையை மறுபடி டியூப்லைட்டுக்கு அடியில் விரித்தான். பெரியவர் கையைப் பிடித்துத் திண்ணைக்கு இழுத்து வந்தார்.

"சாயம் போட்ட நூலையே நாங்க பகல் வெளிச்சத்துலதான்டா பாப்போம். வெளிய வா."