தப்பி ஓடும் காட்சியும் உண்மையும்

சிறைப்பட்டவன் காவலைக் கடந்து தப்பியோடும் கட்டம் வந்தால், கதை படிப்போர் புத்தகத்தைக் கீழே வைப்பதில்லை. ஆனால் எழுதுவோர் அதிகமாக இடறி விழுவதும் அந்தக் கட்டத்திலேதான். உண்மையை மட்டும் பற்றிக்கொண்டால் கதை வெறும் அறிக்கையாகிவிடும். விறுவிறுப்பை மட்டும் நாடினால் கண்கட்டு வித்தையாகிவிடும். இவ்விரண்டையும் இணைக்கும் வழி யாது?

1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்வோம். வந்தியத்தேவன் தஞ்சைக் கோட்டையின் நிலவறையிலிருந்து சுரங்க வழியாகத் தப்புகிறான். சுரங்கமும் இரகசியக் கதவும் நாடகப் பொருள்களே. ஆயினும் அவன் வெறுங்கையனாய்த் தப்பவில்லை. முதுகில் குத்துண்ட நண்பன் கந்தன்மாறனைச் சுமந்து செல்கிறான். அந்த நண்பனோ, தன்னைக் குத்தியவன் வந்தியத்தேவனே என்று நம்பிவிடுகிறான். தப்பியதற்கு அவன் கொடுத்த விலை அந்தப் பழி. விலை இருப்பதால் சுரங்கத்தையும் நாம் நம்புகிறோம்.

பிரெஞ்சு ஆசிரியர் டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ' நாவலிலும் இத்தகைய நுட்பம் உண்டு. இறந்த முதியவரின் சடலம் இருந்த சாக்கினுள் தான் புகுந்துகொள்கிறான் கதாநாயகன். தன்னை மண்ணில் புதைப்பார்கள், தோண்டி வெளியேறலாம் என்பது அவன் கணக்கு. ஆனால் அச்சிறையோ கடல் நடுவே உள்ள தீவு. அதற்குக் கடலே இடுகாடு. காலில் 36 பவுண்டு இரும்புக் குண்டைக் கட்டிக் கடலில் எறிகிறார்கள்! அந்தத் திடுக்கீட்டைத் தந்தது ஆசிரியரின் மாயமன்று. அந்த இடத்தின் இயல்பே. தற்செயல் கதாநாயகனை இடரில் தள்ளலாம். அதிலிருந்து தூக்கிவிடுதல் ஆகாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சயாம்–பர்மா ரயில் பாதை 1942, 1943 ஆம் ஆண்டுகளில் போடப்பட்டது. சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்கள் இத்துயரத்திலிருந்து பிறந்தவை. இப்பொருளைக் கையாள எண்ணும் இளம் எழுத்தாளர் ஒன்றை மறத்தலாகாது: அங்கே காவற்காரனைவிடக் காடே பெரிய மதில். மலேரியாவும் காலராவும் பசியும் மொழி தெரியாத ஊர்களும் தாண்டவேண்டிய வேலிகள். காவலனை ஒரே குத்தில் வீழ்த்திய கதாநாயகன் அடுத்த அத்தியாயத்தில் தோட்டத்து லயத்தில் காப்பி குடித்தால், அங்கே மாண்டவர் அனைவரும் முயலத் தெரியாத பேதைகள் என்று பொருளாகிவிடாதா? எளிதாய் அமைந்த தப்பியோட்டம் இறந்தோருக்கு இழைக்கும் அநீதியாகும்.

சண்டாக்கான் வரலாறும் இதையே உணர்த்தும். அங்கே 1945இல் எஞ்சியிருந்த ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகள் சுமார் 2,400 பேரில் பிழைத்தவர் 6 பேரே. அறுவரும் தப்பியோடியவர்கள், அவர்களைக் காத்தவர்கள் அவ்வூர் மக்கள். ஓடுபவனின் வீரத்தைப் பாடும் நாம், கதவைத் திறந்து சோறிட்டவனின் அச்சத்தை எழுதுகிறோமா? உண்மையான நாடகம் அவன் வீட்டு வாசலில் அன்றோ நடக்கிறது!

இன்று பெருநகராய் வளர்ந்துள்ள ஸ்ரீ கெம்பாங்கானும், அவசரகாலத்தில் செர்டாங் புதுக்கிராமமாகத் தொடங்கிய ஊர்தான். முள்வேலியும் ஊரடங்கும் வாயிற் சோதனையும் புதுக்கிராமங்களின் அன்றாட வாழ்வு. அத்தகைய வேலியை ஒருவன் தாண்டியதாக எழுதினால், அவன் எப்படித் தாண்டினான் என்பதற்கு ஒரு பத்தி போதும். மறுநாள் விசாரணையில் அவன் மனைவி என்ன விடை சொன்னாள் என்பதற்கு ஓர் அத்தியாயம் வேண்டும்.

தப்பும் வழியை முன்பே காட்டிவையுங்கள், அவ்விடத்தின் இயல்பு கதையை நடத்தட்டும், தப்பியவன் விலை கொடுக்கட்டும், பின்தங்கியோரை மறவாதீர்கள். இவை அமைந்தால் உண்மையும் விறுவிறுப்பும் ஒன்றையொன்று பகைக்கமாட்டா.