முடியாத பாட்டைக் கேட்கப் பழகுவது எப்படி?

திருச்சி பக்கம் மண்ணச்சநல்லூரில் ஒரு வீட்டு மாடியில், ஒரு லேப்டாப்போடு, தனி ஆளாக வீடியோ கேம் செய்துவிட முடியும். படம் வரையலாம், நிரல் எழுதலாம், கதையும் கட்டலாம். இதெல்லாம் செய்யத் துணிகிறவர்கள்கூட இசை என்றதும் “நமக்கு சங்கீதம் தெரியாதே” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஏதோ ஒரு துண்டை ஒட்டிவிட்டு நகர்கிறார்கள். இந்த ஒதுங்கல் எரிச்சலைக் கிளப்புகிறது.

2004இல் வந்த ‘கேவ் ஸ்டோரி’யை டைசுகே அமாயா தனி ஆளாகச் செய்தார், அதன் இசைக்கான மென்பொருளைக்கூட அவரே எழுதிக்கொண்டார். ‘அண்டர்டேல்’ (2015) கேமை எழுதி இசையமைத்தவர் டோபி ஃபாக்ஸ். ‘ஸ்டார்டியூ வேலி’யின் (2016) நிரல், படம், இசை மூன்றுமே எரிக் பரோனின் வேலை. மூவருமே இசைக்கு வேறு ஆளைத் தேடவில்லை.

அடிப்படைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். பீப்பாக்ஸ் பிரவுசரிலேயே ஓடும், எல்எம்எம்எஸ் இலவசம். தாளத்துக்கு ஒரு தடம், அடிநாதத்துக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று போதும். மோகனத்தின் ஐந்து சுரங்களை வைத்துத் தொடங்கினால் எதுவும் பெரிதாக இடிக்காது. அவ்வளவுதான். மற்றதைக் கை கற்றுக்கொள்ளும்.

காது கற்றுக்கொள்ள வேண்டியதுதான் பெரிது. கேம் இசையில் இரண்டு சாதி உண்டு: முடிந்து மறுபடி தொடங்கும் சுழற்சி, முடியாமலே திரும்பும் சுழற்சி. இந்த வேறுபாடு பிடிபடாதவர் எத்தனை கேம் ஆடினாலும் அதன் இசையைக் கேட்டவர் ஆகமாட்டார்.

சினிமாப் பாட்டு நம் காதை முடிவுக்குப் பழக்கியிருக்கிறது. பல்லவி, சரணம், கடைசியில் ஆதார ஷட்ஜத்தில் வந்து அமர்தல். மெட்டு அங்கே அமர்ந்ததும் மனசும் அமர்ந்துவிடும். கேமில் அதே மெட்டு அரை நிமிஷத்துக்கு ஒரு முறை அமர்ந்து எழுந்தால், ஆடுகிறவர் அரை நிமிஷத்துக்கு ஒரு முறை கேமை விட்டு வெளியே வருகிறார். மெட்டின் கடைசிச் சுரத்தை ரிஷபத்திலோ பஞ்சமத்திலோ தொங்கவிட்டால் கதை வேறு. முதல் சுரம்தான் அதற்குப் பதில் என்று ஆகிவிடும், தையல் தெரியாது. தாளத்தை முடித்துவைக்கும் தீர்மானத்தை மூன்று முறை வைத்தால் கைதட்டத் தோன்றும். கேமில் கைதட்ட யாருக்கும் கை ஒழியாது!

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அரங்கத்தின் நடையழகு என்று ஊரே சொல்லும் புறப்பாட்டில், பெருமாள் எந்த மண்டபத்தில் எவ்வளவு நேரம் நிற்பார் என்று சொல்ல நாகஸ்வரக்காரர் கையில் கடிகாரம் இல்லை. நின்றால் ராகத்தை வளர்க்க வேண்டும். கிளம்பினால் அதே மூச்சில் நடைக்குத் திரும்ப வேண்டும். கேம் ஆடுகிறவரும் அப்படித்தான், எங்கே நிற்பார் என்று இசையமைத்தவருக்குத் தெரியாது. 1978இன் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ நான்கே சுரங்களை இறங்குவரிசையில் சுழலவிட்டது. எதிரிகள் குறையக் குறைய அந்தச் சுழற்சி வேகமெடுக்கும். நான்கு சுரம், முடிவே இல்லை, நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஒரு தொழில் ரகசியமும் உண்டு. மெட்டு சரியாக அமைந்தும் சேரும் இடத்தில் விக்கல் கேட்டால், குற்றம் பெரும்பாலும் எம்பி3 கோப்பில் இருக்கும். அந்த வடிவம் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துவிடுகிறது. ஓஜிஜியாகவோ வேவ் ஆகவோ சேமித்தால் விக்கல் போகும். எதிரொலியின் வாலையும் வெட்டி எறியாமல் சுழற்சியின் தலையில் சேர்த்துக் கலக்க வேண்டும்.

“சினிமா மாதிரியே இருக்கிறது” என்று கேம் இசையைப் பாராட்டும் விமர்சகர்கள் கேட்டது வயலின்களின் எண்ணிக்கையை மட்டும்தான். 8-பிட் மோகமும் அதே அளவுக்கு மேலோட்டமானது. பழைய நின்டெண்டோவின் ஒலிச் சில்லில் ஐந்தே தடங்கள்: சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, பதிவொலி ஒன்று. அந்த நெருக்கடியில்தான் 1985இல் கோஜி கொண்டோவின் ‘சூப்பர் மரியோ’ மெட்டு பிறந்தது. இருபது தடங்களை அடுக்கிவிட்டு மேலே பீப் ஒலி தூவுவது வெறும் வேஷம்.

பழக ஒரு வழி: திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறியதும் ஒரே ஒரு கேம் மெட்டை ஹெட்போனில் சுழலவிட வேண்டும். காவிரிப் பாலத்திலேயே அலுத்தால் அது முடிந்து தொடங்கும் சாதி. கொள்ளிடம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட்டும் தாண்டி, மண்ணச்சநல்லூரில் இறங்கும்வரை எங்கே சேர்கிறது என்று பிடிபடவில்லையென்றால் அதை எழுதியவரிடம் கற்க நிறைய இருக்கிறது. ஸ்டார்டியூவின் வசந்த கால மெட்டுகளை முதலில் வைத்துப் பார்க்கலாம்.

தமிழ்க் காதுக்கு இன்னொரு வாசல் ‘வெண்பா’ (2023). டொரன்டோவின் விசை கேம்ஸ் செய்தது, இசை ஆல்ஃபா சம்திங். தனி ஆள் வேலையல்ல. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையில் இட்லி வேகும்போது ரேடியோவில் தமிழ்ப் பாட்டு ஓடும். அந்தப் பாட்டுக்கு முடிவு உண்டு, இருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அது கதைக்குள் இருக்கும் ரேடியோ. வெண்பாவைக் கேட்ட கையோடு கேவ் ஸ்டோரியைத் திறந்தால் வேறுபாடு ஒரே மாலையில் காதில் விழுந்துவிடும். 2004இன் அந்த மூலப் பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது.