எது ஆபாசம்? – ஒரு கேலிச்சித்திரமும் நம் சட்டங்களும்

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக் கரையருகே அமைந்துள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம் நம் நெஞ்சில் ஓர் உறுத்தல் எழுகின்றது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. மக்கள் குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனுக் கொடுத்தும் விடிவு காணாத ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் அவ்வளாகத்திலேயே தீக்கு இரையாயிற்று. கணவன், மனைவி, இரு சிறு பெண் குழந்தைகள் என நால்வரும் மாண்டனர். அதீத வட்டி வசூலைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. அந்த ஏழைக் குடும்பத்தின் வாசலுக்கு அது வந்து சேரவில்லை.

இதைக் கண்டு கொதித்த கேலிச்சித்திரக்காரர் ஜி. பாலா ஒரு சித்திரம் வரைந்து முகநூலில் வெளியிட்டார். தரையில் ஒரு குழந்தை எரிந்துகொண்டிருக்கிறது. முதலமைச்சர், ஆட்சியர், காவல்துறை உயர் அதிகாரி ஆகிய மூவரும் ஆடையின்றி நிற்கின்றனர்; பணத்தாள்களைக் கொண்டு தம் மானத்தை மறைத்துக்கொள்கின்றனர். ஆட்சியரின் புகாரின் பேரில், நவம்பர் 5ஆம் நாள் பாலா சென்னையில் கைது செய்யப்பட்டு நெல்லைக்குக் கொண்டுவரப்பட்டார். மறுநாள் பிணையில் வெளிவந்தார். அவர்மீது சாட்டப்பட்டவை இரண்டு: இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 501ஆம் பிரிவின்படி அவதூறு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி ஆபாசம்.

அவதூறு என்றது ஒருபுறம் இருக்கட்டும். ஆபாசம் என்பதை நாம் சற்றே ஆய்ந்து பார்க்க வேண்டும். காண்போரின் காமத்தைத் தூண்டுவதையே 67ஆம் பிரிவு குறிக்கின்றது. இச்சித்திரத்தைக் கண்ட எவருக்கு அத்தகைய உணர்வு எழும்? இங்கே நிர்வாணம் வெட்கத்தின் அடையாளம். தொடக்கநூலில் நம் முதற்பெற்றோர் பாவத்தின் பின்னரே தம் நிர்வாணத்தை உணர்ந்து இலைகளால் மறைத்துக்கொண்டனர். இறைவாக்கினர் எசாயாவோ கடவுளின் கட்டளைப்படி மூன்று ஆண்டுகள் ஆடையின்றி நடந்து, எகிப்தை நம்பியிருந்தோருக்கு வரவிருந்த அவமானத்தைத் தம் உடலாலேயே அறிவித்தார். அதை ஆபாசம் என்று நாம் திருவிவிலியத்திலிருந்து நீக்கிவிடவில்லை. மூவரின் ஆடையின்மையைக் கண்ட காவல்துறையின் கண்ணுக்குத் தரையில் எரிந்த குழந்தை தெரியாமல் போயிற்று. அச்சித்திரத்தில் உண்மையிலேயே ஆபாசமானது அந்தத் தீயன்றோ?

எனினும், இச்சித்திரம் குறையற்றது என்று நாம் வாதிட வரவில்லை. அடையாளம் தெரியும் மனிதரை இவ்வாறு வரைவது அவரது மாண்பைப் புண்படுத்தவே செய்யும். நற்பெயரைக் காப்பது நம் திருச்சபை வலியுறுத்தும் கடமை. கலை நோக்கிலும் ஒரு குறை உண்டு. வட்டிக்குக் கொடுத்தவர் இதில் இல்லை. வேடிக்கை பார்த்த ஊரும் இல்லை. குற்றம் மூவரோடு முடிந்துவிடுகிறது. ஆனால், இவற்றுக்கு மறுமொழி விமரிசனம். மிஞ்சினால் உரிமையியல் வழக்கு. சிறைக்கதவு மறுமொழி ஆகாது.

சித்திரத்துக்கு அஞ்சும் அதிகாரம் நமக்குப் புதிதன்று. அன்றைய நெல்லைச் சீமையின் எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, ‘இந்தியா’ வார இதழில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு இடமளித்து, 1908இல் ஆங்கிலேய அடக்குமுறைக்குத் தப்பிப் புதுச்சேரிக்குச் செல்ல நேர்ந்தது. அதே ஆண்டில்தான் வ.உ.சி. இந்நெல்லையில் அரசத் துரோகக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். விடுதலைக்குப் பின்னும், 1987இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே சில நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார்.

2004இல் முகநூலும் 2009இல் வாட்ஸ்அப்பும் தோன்றிய பின்னர், அச்சகம் இல்லாதவரும் பதிப்பாளர் ஆயினர். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இவ்வெள்ளத்தை எதிர்பார்த்து எழுதப்பட்டதன்று. 2008இல் அதில் சேர்க்கப்பட்ட 66ஏ பிரிவு, பிறருக்கு எரிச்சலூட்டும் செய்தியை அனுப்பினால்கூட மூன்றாண்டுச் சிறை என்றது. 2012இல் பால் தாக்கரே மறைவையொட்டி நடந்த கடையடைப்பைப் பற்றி முகநூலில் எழுதியதற்காக மகாராட்டிரத்தில் ஓர் இளம்பெண்ணும், அதை விரும்பியதாகக் குறித்த அவர் தோழியும் கைதாயினர். ஸ்ரேயா சிங்கல் என்னும் சட்ட மாணவி தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாததாக்கியது. எல்லை வரையறுக்கப்படாத சொற்களால் ஆன சட்டம் குற்றவாளியை மட்டுமன்றி எல்லாரையும் அச்சுறுத்தி வாய்மூடச் செய்யும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆயினும் ஒரு பிரிவு போனால் இன்னொரு பிரிவு கைகொடுக்கும் என்பதை நெல்லை வழக்கு காட்டிற்று. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வழக்கை ரத்து செய்தது. மக்களுக்கு நெறி கற்பிப்பது நீதிமன்றத்தால் ஆகாது. சமுதாயமே அதை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தையும் அது பதிவு செய்தது.

அந்தக் கருத்து நம்மையே சுடுகின்றது. 1999 சூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளருக்காக ஊர்வலமாக வந்தோர் இதே கொக்கிரகுளத்தில் காவலரின் தடியடிக்கு ஆளாகி, ஆற்றில் 17 பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு பச்சிளங்குழந்தையும் உண்டு. அன்று நாம் படங்களுக்காக நாளிதழை எதிர்பார்த்திருந்தோம். 2017இலோ, எரியும் உடல்களின் காட்சி சில மணி நேரத்தில் நம் கைப்பேசிக்கே வந்தது. உள்ளம் பதறியது உண்மை. பதறிய அந்நிலையிலேயே நாமும் அதை இரண்டு நண்பருக்கு அனுப்பினோம். ‘அந்தக் குழந்தைகளின் பெயர் என்ன, சாமி?’ என்று ஒருவர் கேட்டபோதுதான், அதை அறியவேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழவில்லை என்பது உறைத்தது.

வரைந்தவரைச் சட்டம் தேடிப் பிடித்தது. அவர் அக்குழந்தைக்காக வரைந்தார். நாம் யாருக்காக அனுப்பினோம்? இதற்கு எந்தப் பிரிவும் நம்மை விசாரிக்கப் போவதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது நாவினால் செய்த பாவங்களை ஒவ்வொன்றாக நினைவுகூரப் பழகிய நாம், விரலினால் செய்பவற்றையும் அவற்றோடு சேர்த்துக்கொள்வோமாக. அத்தோடு, நம் பங்கிலும் கந்துவட்டிக்குப் பணம் வாங்கி வெளியே சொல்ல அஞ்சும் ஒரு குடும்பம் இருக்கக்கூடும். அவர்களுடன் ஒருநாள் திங்கட்கிழமை கொக்கிரகுளம்வரை மனுவோடு நடந்து செல்ல நம்மில் எத்தனை பேர் ஆயத்தமாயிருக்கிறோம்?