கொத்தனாரும் சித்தாளும்

பாவ்லோ கோன்யெத்தியின் ‘எட்டு மலைகள்’ 2016இல் இத்தாலியில் வெளிவந்து, மறு ஆண்டே அந்நாட்டின் ஸ்த்ரேகா பரிசைப் பெற்றது. மிலானிலிருந்து கோடை விடுமுறைக்கு ஆல்ப்ஸ் மலைக் கிராமத்துக்கு வரும் பியெத்ரோ. அங்கே மாடு மேய்க்கும் புரூனோ. 1984இல் சிறுவர்களாகச் சேர்ந்தவர்கள் பதின்பருவத்தில் சண்டைகூட இல்லாமல் விலகிப்போகிறார்கள். அப்பா இறந்தபின், முப்பதைத் தாண்டிய பியெத்ரோ திரும்பி வர, நட்பு மறுபடி துளிர்க்கிறது. இப்படிச் சுருக்கிச் சொன்னால் எங்கோ கேட்ட கதைதான். நாவலைக் காப்பாற்றுவது அதன் நடுப்பகுதி.

அப்பா மகனுக்கு விட்டுப்போன சொத்து, மலைச்சரிவில் பாறையை ஒட்டிய ஓர் இடிபாடு. அதை வீடாக்கித் தருவதாக அவரிடம் வாக்குக் கொடுத்தவன் புரூனோ. மகன் அப்பாவை ஒதுக்கி வைத்திருந்த ஆண்டுகளில் அவரோடு மலையேறியவனும் அவனே. அப்பாவின் வரைபடத்தில் ஆளுக்கொரு நிறத்தில் நடைத்தடங்கள். தன் நிறம் நின்றுபோன பிறகும் அப்பாவின் கோட்டோடு புரூனோவின் கோடு போய்க்கொண்டிருப்பதைப் பியெத்ரோ பார்க்கிறான். மகனின் இடத்தில் வேறொருவன் இருந்திருக்கிறான்! இன்னொரு எழுத்தாளர் இங்கே ஒரு பெரிய வாக்குவாதம் வைத்திருப்பார். கோன்யெத்தி இருவரையும் வேலைக்கு அனுப்புகிறார். புரூனோ கொத்தனார், படித்த பியெத்ரோ சித்தாள். பொறாமை, கடன்பட்ட உணர்வு, அப்பாவுக்கான துக்கம் எல்லாம் கல் சுமப்பதிலும் சொன்னதைச் செய்வதிலும் கரைகின்றன. ஷான்டோர் மாராயின் ஹங்கேரிய நாவலில் 41 ஆண்டுகள் கழித்துச் சந்திக்கும் கிழவர்களில் ஒருவர் இரவெல்லாம் குற்றப்பத்திரிகை வாசிப்பார். அந்தப் பேச்சைவிட இந்தச் சுவர் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது.

சறுக்கல் அதற்குப் பிறகு. நேபாளத்தில் ஒரு முதியவர் பியெத்ரோவுக்கு மண்டலம் வரைந்து காட்டுகிறார்: நடுவில் சுமேரு, சுற்றிலும் எட்டு மலைகள். எட்டையும் சுற்றியவன் அதிகம் கற்றானா, சுமேருவின் உச்சியைத் தொட்டவனா? மேருவைப் புராணத்திலேயே பார்த்துப் பழகிய நமக்கு இதில் புல்லரிக்க ஒன்றுமில்லை. ஆனால் நாவல் இந்தப் படத்துக்கு அடிமையாகிவிடுகிறது. பியெத்ரோ சுற்றுகிறவன், புரூனோ அசையாமல் நிற்க வேண்டியவன். அவனுடைய பாலாடைக்கட்டிப் பண்ணை கடனில் மூழ்குகிறது, அவனோடு வாழ்ந்த லாரா குழந்தையோடு பிரிகிறாள், பனிக்காலத்தில் மலைமேல் தனியாகிறான். இவற்றில் பெரும்பகுதி கதைசொல்லியான பியெத்ரோ ஊரில் இல்லாதபோது நடந்து முடிகிறது.

வந்துபோகும் நண்பனுக்கு அவ்வளவுதானே தெரியும் என்று வாதிடலாம், பாதி நியாயம். ஆனால் புரூனோவைப் படிக்க வைக்கப் பியெத்ரோவின் பெற்றோர் முன்வந்தபோது புரூனோவின் அப்பா அவனைக் கட்டட வேலைக்கு இழுத்துப்போனதை முதல் பகுதி ஒளிக்காமல் சொன்னது. வர்க்கத்தை அவ்வளவு துல்லியமாகப் பார்த்த கண், கடைசியில் பால் விலையையும் வட்டியையும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் புரூனோவின் பிறவிக்குணமாக்குகிறது. அந்தக் கடனோடு குடும்பம் நடத்திய லாராவுக்குக் கிடைப்பவையோ சொற்பப் பக்கங்கள். முதலில் பியெத்ரோவோடு பழகி, பிறகு புரூனோவோடு வாழ்ந்தவள் அவள். இருவரையும் அறிந்த ஒரே சாட்சியை ஆசிரியர் கூண்டில் ஏற்றவே இல்லை.

நல்ல நாவல், பரிசுப் பட்டை சொல்லும் அளவுக்குப் பெரிய நாவல் அல்ல. வீடு கட்டும் அத்தியாயங்களை இன்னொரு முறை படிப்பேன், நேபாளப் பக்கங்களைத் தள்ளிவிட்டு.