பேயும் படமுதலாளியும்

பேய்ப் படம் என்றால் பார்ப்பவரைத் திடுக்கிட வைக்க வேண்டும். இல்லையேல் கொடுத்த காசு நஷ்டம் என்பது நம்மவரிற் பலருடைய அபிப்பிராயம். ஹாலிவுட் படமுதலாளிகளின் அபிப்பிராயமும் அதுவே. அதன் காரணமாக ஒரே கதை இரண்டு முறை படமான விந்தையை இங்கு ஆராய்வோம்.

1973-ல் வெளிவந்து உலகையே நடுங்க வைத்த படம் ‘எக்ஸார்சிஸ்ட்’. அதில் பேயோட்டும் பாதிரியார் மெரினின் முற்காலத்தைப் படமாக்க மார்கன் கிரீக் கம்பெனியார் முனைந்தனர். முதலில் அமர்த்தப்பட்ட டைரக்டர் ஜான் பிராங்கன்ஹைமர் நோயினால் விலகி, 2002 ஜூலையில் காலமானார். அடுத்து வந்தவர் பால் ஷ்ரேடர். கண்டிப்பான மதக் குடும்பத்தில் வளர்ந்தவர். ‘டாக்ஸி டிரைவர்’ படத்தின் திரைக்கதையை எழுதியவர். சுமார் 3 கோடி டாலர் செலவில் அவர் எடுத்த படத்தைக் கண்ட முதலாளிகள் முகஞ் சுளித்தனர். பயம் போதவில்லையாம்! 2003-ல் ஷ்ரேடர் நீக்கப்பட்டார். ரென்னி ஹார்லின் என்பவர் அழைக்கப்பட்டு, கதையும் நடிகர் பலரும் மாற்றப்பட்டு, ஏறக்குறைய முழுப் படமும் மீண்டும் எடுக்கப்பட்டது. மெரினாக நடித்த ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்டு மட்டும் இரண்டிலும் கதாநாயகர். இதற்குச் செலவு மேலும் சுமார் 5 கோடி டாலர்.

பயம் போதாத படத்தில் இருந்ததுதான் யாது? 1944-ல், ஹாலந்துக் கிராமம் ஒன்றில், நாஜி அதிகாரி ஒருவன் மெரினை நிறுத்தி, சாக வேண்டிய பத்துப் பேரை நீயே தேர்ந்தெடு என்கிறான். அன்றோடு பாதிரியாரின் நம்பிக்கை மடிகிறது. பின்னர் 1947-ல், கென்யாவில், தன் சிப்பாய்கள் மாண்டதற்குப் பழியாக, ஆங்கிலேய அதிகாரி ஒருவன் கிராமத்துப் பெண்ணைச் சுட்டு வீழ்த்துகிறான். இரண்டு இடத்திலும் துப்பாக்கி மனிதன் கையில்! பேய் அதன் பிறகே வருகிறது. அதுவும் கழுத்தைத் திருக அன்று. உன் பழைய பாவத்தைத் துடைத்துவிடுகிறேன் என்று ஆசை காட்டவே வருகிறது.

இதுவா பயம் போதாதது? யுத்த காலத்தில், சயாம் ரயில் பாதைக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களுக்கு உத்தரவிட்ட கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பெயர்களையும் யாரோ ஒருவர் எழுதித்தானே ஆக வேண்டும்? செக்ரோல் எழுதிப் பிழைக்கும் நமக்கு, மெரின் பெயர் சொல்லும் அந்தக் காட்சியில் உள்ளங்கை வியர்க்கிறது. முனி, மோகினி எதற்கும் அப்படி வியர்த்ததில்லை.

ஹார்லினின் படம் 2004 ஆகஸ்டில் வெளிவந்தது. ஹாலந்துச் சம்பவம் அதிலும் உண்டு. எனினும் இரத்தமும் இரைச்சலும் அதனை மூடிவிட்டன. விமர்சகர் பலர் எள்ளி நகையாடினர். உலகெங்கும் வசூல் சுமார் 7.8 கோடி டாலர். இரு படங்களுக்குமான செலவுக்கே அது ஈடாகவில்லை. பெட்டியில் கிடந்த ஷ்ரேடரின் படம் ‘டொமினியன்’ என்ற பெயரில் 2005 மே மாதம் சில கொட்டகைகளிலேனும் வெளிச்சம் கண்டது. அதில் குறையில்லை என்று யாம் கூறோம். முடிக்கப் போதிய பணமின்றி, கழுதைப்புலிகள் பொம்மைகளாகவே தோன்றுகின்றன. நடையும் சில இடங்களில் தளர்கிறது. ஆயினும் அது சிந்திக்கும் படம்.

முதலாளியை மட்டும் நோவதிற் பயனில்லை. அவர் கேட்ட அலறல், நாம் டிக்கட் வாங்கிக் கேட்ட அலறலே. இல்லாத பேய்க்கு நடுங்கி, இருக்கும் கொடுமையைக் காணாதிருக்கும் வரையில், நமக்கு இரண்டாவது படமே கிடைக்கும்.