பட்டா இல்லாத வீடு: கே. எஸ். மணியத்தின் முதல் நாவல்

கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1942ஆம் ஆண்டு பிறந்த கே. எஸ். மணியம், தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தும் ஆங்கிலத்திலேயே எழுதினார். அதனால் நம் வாசகர் பலர் அவரைத் தம்மவராகக் கொள்ளவில்லை. இழப்பு நமக்கே.

1981இல் வெளிவந்த அவரது 'தி ரிட்டர்ன்' மூன்று தலைமுறைக் கதை. இந்தியாவிலிருந்து பிள்ளைகளுடன் வந்த பெரியத்தாய், பண்டம் விற்றுப் பிழைத்து, ஊர் நினைவோடு ஒரு வீட்டை எழுப்புகிறாள். வீடு உண்டு, தெய்வம் உண்டு. பட்டா மட்டும் இல்லை. அவள் மகன் நைனா ஆஸ்பத்திரிச் சலவைக்காரர். அவரும் முதுமையில் ஆற்றோரத்தில் உரிமைச்சீட்டில்லாத மண்ணில் குடில் கட்டி, முடிவில் அதனோடு தாமும் எரிந்து போகிறார். பேரன் ரவியோ ஆங்கிலப் பள்ளியேறி, சீமையில் பயிற்சி பெற்று, ஆசிரியனாகத் திரும்புகிறான். மணியத்தின் தந்தையும் சலவைத் தொழிலாளியே. மணியமும் இங்கிலாந்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றவரே. ஆயினும் இதைச் சுயசரிதை என்று ஒதுக்குவது பொருந்தாது.

மண்ணை வணங்கி, தமிழும் மலாயும் சீனமும் கலந்து நைனா முணுமுணுக்கும் பகுதியே நூலின் உயிர். கேட்கும் ரவிக்கு வெட்கமாயிருக்கிறது. ஆனால் அந்தக் குழறல்தான் இந்நாட்டு மண்ணோடு பேச முயன்ற மொழி. ரவி கற்ற பிழையற்ற ஆங்கிலத்துக்கு அந்த மண்ணிடம் சொல்ல ஒன்றுமில்லை. 1957இல் வெள்ளைக்காரன் கொடியை இறக்கினான். அவன் பள்ளிக்கூடம் ரவியின் நாவை விட்டு இறங்கவில்லை. இதை அந்த ஆங்கிலத்திலேயே எழுதிக் காட்டியதில்தான் மணியத்தின் துணிவு இருக்கிறது.

குறையும் உண்டு. தந்தையின் அழிவில் மகனுக்குப் பங்கு எவ்வளவு என்ற கேள்வி எழும் இடத்தில் கதை விரைந்து முடிகிறது. பால்வெட்டுத் தொழிலாளரும் ஓரமாகவே வந்து போகின்றனர். 1993இல் வந்த 'இன் எ ஃபார் கன்ட்ரி' நாவலில்தான் தோட்டத்து வாழ்வு நேராகத் தலைகாட்டுகிறது.

கோலா பிலா வட்டாரத்தில் இந்நூலைப் படிப்போர்க்கு ஒன்று உறைக்கும். இங்கு அடாட் பெர்பாத்தே வழக்கப்படி குலநிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கிறது. அதன் அண்டையிலே ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவளுக்கோ வேலை உள்ளவரைதான் வீடு. தோட்டம் துண்டாடப்பட்டபோது, வாசலில் நட்ட முருங்கையையும் விட்டுப் போனவர் எத்தனை பேர்! பெரியத்தாய் கேட்டதும் ஒரு துண்டு நிலந்தான்.

மலாய் மொழியில் எழுதியதே தேசிய இலக்கியம் என்பது அரசின் கொள்கை. அந்தக் கணக்கில் ஆங்கிலத்தில் எழுதிய மணியமும் தமிழில் எழுதுவோரும் ஒரே வரிசையில் வெளியே நிற்பவர்கள். 2000ஆம் ஆண்டு முதலாவது ராஜா ராவ் விருதை அவருக்கு வழங்கியது புதுதில்லி. 2020இல் அவர் மறைந்தார். நைனாவின் பகுதியையேனும் தமிழாக்கி இடைநிலைப் பள்ளி மாணவர் கையில் கொடுக்கலாம். பெயர்ப்பவர் ஒன்றை மட்டும் காக்க வேண்டும்: நைனாவின் கலப்புப் பேச்சைச் செந்தமிழாக்கிவிடக் கூடாது.